செவிலித்தாய் மோட் கேலன்

பழந்தமிழ் நூல்களில் செவிலித்தாய் என்னும் பெயர் பல இடங்களில் வரும். ஈன்ற தாய்க்கு அடுத்த நிலையில் இருந்து குழந்தையை வளர்ப்பவள் அவள். தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகவே கருதிப் பேணுவது அவள் இயல்பு. அப்பெயரின் வழியிலேயே, நோயாளிகளைப் பேணுவோரை இன்று செவிலியர் என வழங்குகின்றோம். பெயர் பழையது, ஆனால் தொண்டு இன்று கல்வியோடும் பயிற்சியோடும் கூடியது. தாயின் அன்பும் மருத்துவ அறிவும் ஒருவரிடத்தே பொருந்துமாயின் எத்துணை நன்மை விளையும் என்பதற்கு, அமெரிக்க நாட்டின் சிற்றூர் ஒன்றில் 60 ஆண்டுகளுக்கு மேல் தொண்டு புரிந்த மோட் கேலன் அம்மையாரின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

அமெரிக்காவின் தென்கிழக்கில், அட்லாண்டிக் கடலை அடுத்து அமைந்திருப்பது தென் கரோலினா மாநிலம். அதன் பெர்க்லி மாவட்டத்தில் பைன்வில் என்னும் சிற்றூர் உள்ளது. பைன் மரக்காடுகளும் சதுப்பு நிலங்களும் சூழ்ந்த பகுதி அது. முற்காலத்தில் அங்கே பெருந்தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அத்தோட்டங்களில் உழைத்தனர். 1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதன் தழும்புகள் ஆறவில்லை. அம்மக்களின் பேரரும் கொள்ளுப்பேரரும் பிறர் நிலத்தில் உழுது, பலகை வீடுகளில் வறுமையோடு வாழ்ந்தனர். கறுப்பின மக்களுக்கென்று தனிப் பள்ளிகள், தனி இருக்கைகள், மருத்துவமனைகளில் தனிப் பகுதிகள் என்னும் கொடிய வழக்கம் தென் மாநிலங்களில் நிலைத்திருந்தது. அதனைச் சட்டம் முழுதும் விலக்கியது 1964ஆம் ஆண்டிலேதான்.

இத்தகைய காலத்தில், 1898ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், புளோரிடா மாநிலத்தின் குவின்சி என்னும் ஊரில் மோட் பிறந்தார். உடன் பிறந்தோர் பலர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தாலகாசி நகரில் மருத்துவராக விளங்கிய அவருடைய மாமன் வில்லியம் கன் அவரைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார். அந்நாளில் கறுப்பினத்தவர் ஒருவர் மருத்துவராக உயர்வது அரிதினும் அரிது. அம்மாமனின் இல்லத்தில் வளர்ந்த மோட், நோயாளியின் துன்பத்தையும் அதனைப் போக்கும் கல்வியின் ஆற்றலையும் இளமையிலேயே அறியும் வாய்ப்பைப் பெற்றார்.

மோட் தம் இனத்தவருக்கென அமைந்த புளோரிடா வேளாண் இயந்திரக் கல்லூரியில் பயின்று, 1922ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் உள்ள ஜார்ஜியா மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற்றார். கறுப்பின மக்களுக்காக அமெரிக்காவில் முதன்முதலாக நிறுவப்பட்ட மருத்துவமனை அதுவே. இதற்கிடையே, 1921ஆம் ஆண்டில், வில்லியம் கேலன் என்பவரை அவர் மணந்தார். 1923ஆம் ஆண்டில், கிறித்தவத் திருச்சபை ஒன்றின் சார்பில், மருத்துவத் தொண்டு புரியும் செவிலியாகப் பைன்வில் ஊரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 24. நகரத்தில் இருந்து வசதியாகப் பணி புரியும் கல்வி அவரிடம் இருந்தது. எனினும் அவர் பைன்வில்லைவிட்டு நீங்கவில்லை. வாழ்நாளின் இறுதி வரை அவ்வூரே அவர் ஊராயிற்று.

அங்கே அவர் கண்ட நிலை நெஞ்சை உருக்குவது. மருத்துவமனை பல மைல் தொலைவுக்கு அப்பால் இருந்தது. மழை பெய்தால் மண் பாதைகள் சேறாகிவிடும். பல வீடுகளுக்குப் பாதையே இல்லை. மின் விளக்கு இல்லை. குழாய் நீர் இல்லை. சதுப்பு நிலத்துக் கொசுக்கள் மலேரியாவைப் பரப்பின. காசநோயும் சத்தற்ற உணவால் வரும் நோய்களும் மக்களை வாட்டின. எல்லாவற்றினும் கொடியது மகப்பேற்றின்போது தாயரும் சேயரும் மாண்டதாகும். 1920ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் 1,00,000 குழந்தைகள் பிறந்தால் 600க்கு மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். கறுப்பினத் தாய்மாரிடையே இவ்விழப்பு இன்னும் மிகுதி.

அவ்வூர்ப் பெண்களுக்குப் பேறுகாலத்தில் துணை நின்றோர் நாட்டு மருத்துவச்சிகள் ஆவர். முதிய பெண்களான அவர்கள் தங்கள் அன்னையரிடமும் பாட்டியரிடமும் கண்டறிந்தவற்றைக் கொண்டு பணி செய்தனர். நள்ளிரவிலும் அழைத்தவுடன் வருவர், கொடுத்ததைப் பெற்றுக்கொள்வர், ஒன்றும் கொடாவிடினும் முகம் சுளியார். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை, அனுபவத்துக்கும் குறைவில்லை. இல்லாதது ஒன்றே. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே பல இறப்புகளுக்குக் காரணம் என்னும் அறிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கழுவாத கை தாய்க்குக் காய்ச்சலைத் தரும். கொப்பூழ்க் கொடியைத் தூய்மையற்ற கத்தியால் அறுத்தால், இசிவு நோய்க் கிருமி குழந்தையின் உடலுட் புகும். பிறந்து ஒரு வாரம் கடந்ததும் அக்குழந்தை பால் குடிக்க இயலாமல் தாடை இறுகி இறந்துபடும். விதி என்று எண்ணி ஊரார் அழுவர். உண்மையில் அது விதியன்று. கொதிநீரும் சவர்க்காரமும் தடுத்திருக்கக்கூடிய தீங்கு.

மோட் கேலன் இதனை நன்கு உணர்ந்தார். உணர்ந்தவர் அம்முதிய பெண்களை இகழ்ந்தாரல்லர்; அவர்களைத் தம் மாணவியராக்கினார். ஒரு செவிலி நாள் முழுதும் ஓடினாலும் எல்லா வீடுகளையும் சென்றடைய இயலாது. ஊர்தோறும் உள்ள மருத்துவச்சியர் அறிவு பெற்றால், அவர் செல்ல இயலாத வீட்டிலும் அவருடைய கல்வி சென்று சேரும். ஆதலால் அவர் அவர்களைக் கூட்டி வகுப்புகள் நடத்தினார். நகத்தை ஒட்ட வெட்டுதல், முழங்கை வரை தேய்த்துக் கழுவுதல், கத்தரிக்கோலைக் கொதிநீரில் இடுதல், துணிகளைத் தூய்மை செய்து வைத்தல் ஆகியவற்றைக் கற்பித்தார். பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட்டு என்னும் மருந்துநீரைத் துளித்துளியாக இடும் முறை அக்காலத்தில் வழக்கில் இருந்தது. தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் குழந்தை பார்வை இழவாதபடி அது காத்தது. இதனையும் மருத்துவச்சியர் கற்றனர். பேறு கடினமாகும் அறிகுறி எது, எப்போது காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும் என்பதையும் அறிந்தனர். தன் அறிவின் எல்லையை அறிவதும் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதியன்றோ?

1936ஆம் ஆண்டில் மோட் கேலன் பெர்க்லி மாவட்டப் பொதுநலத் துறையின் செவிலியாக அமர்ந்தார். மகப்பேற்றுத் துறையிலும் முறையான பயிற்சி பெற்றுச் செவிலி மருத்துவச்சி என்னும் தகுதியை அடைந்தார். 1951ஆம் ஆண்டில்கூட இத்தகுதி உடையோர் அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 300 பேரே. தென் கரோலினாவிலோ ஒன்பதின்மரே. அவ்வொன்பதின்மருள் அவரும் ஒருவர்.

ஏறத்தாழ 400 சதுர மைல் பரப்புடைய பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. அங்கு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஏழை மக்களுக்கு நோய் வந்தால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதே. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வெள்ளையர் சிலரும் உண்டு. துன்பத்தில் இருப்போரிடம் அவர் நிறம் கண்டிலர். அவருடைய இல்லமே மருந்தகமாயிற்று. சில நாள்களில் ஊர்த் தேவாலயத்திலேயே நோயாளிகளைப் பார்த்தார். படுக்கைத் துணிகளைக் கட்டி மறைப்பு அமைத்துக்கொண்டு, அதன் பின்னே நோயாளிகளை ஆராய்வார். குழந்தைகளுக்கு அம்மை குத்தவும் தடுப்பு மருந்து ஊசியிடவும் பள்ளிகளுக்குச் செல்வார். கருவுற்ற பெண்களின் உடல்நிலையைத் திங்கள்தோறும் கவனிப்பார். காசநோய் உற்றவரை வீட்டார் வெறுக்காதபடியும், அதே வேளையில் நோய் பிறர்க்குத் தொற்றாதபடியும் வழி கூறுவார்.

ஓராண்டில் அவர் மாவட்டத்துக்குள்ளேயே 36,000 மைல் கார் ஓட்டினார். பாதை முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். காட்டு வழியிலும் நடப்பார். ஓடையில் இறங்கியும் கடப்பார். எண்ணெய் விளக்கின் ஒளியில், பழைய செய்தித்தாள்களை மடித்து விரித்த படுக்கையில், பல குழந்தைகள் அவர் கையில் பிறந்தன. குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வெப்பம் குன்றாமல் காக்கும் கருவி அவ்வீடுகளில் ஏது? ஒரு பெட்டியும், வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய புட்டிகளுமே அக்கருவியாயின. இல்லாததை எண்ணி அவர் சோர்ந்திருக்கவில்லை. இருப்பதைக் கொண்டு செய்யத்தக்கதைச் செய்தார். 62 ஆண்டுத் தொண்டில் அவர் கையில் பிறந்த குழந்தைகள் 600 முதல் 800 வரை எனக் கணக்கிடுவர்.

மருந்து கொடுப்பதோடு அவர் பணி முடியவில்லை. பட்டினியால் வாடுபவனுக்கு மருந்து மட்டும் பயன் தருமா? ஆகவே உணவுக்கும் வழி தேடினார். உடையில்லாத குழந்தைகளுக்குப் பிறர் தந்த பழைய உடைகளைச் சேர்த்து அளித்தார். எழுதப் படிக்க அறியாதோர்க்கு எழுத்தறிவித்தார். குடும்பத்தில் பூசல் எழுந்தால் இரு பக்கமும் கேட்டு அறிவுரை கூறினார். மாநிலப் பொதுநலத் துறையினர் பிறர்க்குப் பயிற்சி அளிக்க அவரை அனுப்பித்தர இயலுமா என்று மாவட்ட மருத்துவ அதிகாரியிடம் ஒருமுறை கேட்டனர். அவர் போய்விட்டால் இங்குள்ள மக்களுக்காக என்னோடு சேர்ந்து நீங்களும் இறைவனை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்னும் கருத்துப்பட அவ்வதிகாரி விடையிறுத்தார். ஒரு செவிலியின் தகுதிக்கு இதனினும் சிறந்த சான்றிதழ் வேறு வேண்டுமோ?

1951ஆம் ஆண்டில் வில்லியம் யூஜின் சுமித் என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் பைன்வில்லுக்கு வந்தார். அம்மையாரோடு பல நாள் உடன் சென்று, அவர் செய்த பணிகளைப் படமெடுத்தார். அப்படங்கள் அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் வெளிவந்த ‘லைஃப்’ என்னும் இதழில் 12 பக்கங்களில் இடம் பெற்றன. நாடெங்கும் மக்கள் அவற்றைக் கண்டனர். பேறுகால வேதனையில் கிடக்கும் இளம்பெண்ணின் கையைப் பற்றியிருக்கும் செவிலியைக் கண்டனர். முதியவர் ஒருவரிடம் குனிந்து பேசும் நண்பரைக் கண்டனர். நிறத்தால் ஒருவரைத் தாழ்வாகக் கருதுவோர்க்கு, அப்படங்கள் ஒரு சொல்லும் கூறாமலே விடை கூறின.

அப்படங்களுள் துயரமான காட்சியும் உண்டு. பிறந்து சில நாளே ஆன குழந்தை ஒன்று கிருமி தாக்கிக் கடுங்காய்ச்சலில் கிடந்தது. அம்மையார் அதனைக் கண்டவுடன் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசென்றார். அங்கே குருதி ஏற்றுவதற்கு முன்னரே குழந்தை உயிர் நீத்தது. அவருடைய அன்பில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. ஆனால் நோய்க்கும் மருத்துவமனைக்கும் இடையே கிடந்த தொலைவை ஒருவருடைய அன்பும் அறிவும் மட்டும் குறைக்க இயலவில்லை. தனி ஒருவர் தொண்டு எத்துணைச் சிறந்ததாயினும், சமுதாயம் செய்ய வேண்டிய கடமை எஞ்சியே நிற்கும். இவ்வுண்மையை அவர் நன்கறிவார். நல்ல மருந்தகம் ஒன்று அப்பகுதியில் அமைய வேண்டும் என்பதே அவர் நெடுநாள் கனவு.

அக்கனவு நனவாயிற்று. இதழைப் படித்தோர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பொருள் அனுப்பினர். அவ்வாறு சேர்ந்த தொகை 20,000 டாலருக்கும் மேற்பட்டது. முன்பின் அறியாதோர் அனுப்பிய அப்பொருளைக் கொண்டு பைன்வில்லில் மருந்தகம் எழுந்தது. 1953ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதற்கு மோட் கேலன் மருந்தகம் எனப் பெயர் சூட்டப்பெற்றது. அம்மையார் வந்த புகழைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. புகழால் வந்த பொருள் ஊரார் உடைமையாயிற்று. 1971ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அவர் அம்மருந்தகத்தை நடத்தினார்.

ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில்தான் வந்தது. அக்காலத்திற்குள் சட்டங்கள் மாறியிருந்தன. மருத்துவமனைகளில் நிறவேற்றுமை நீங்கியது. பாதைகளும் செம்மை பெற்றன. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனையை நாடுவோர் பெருகினர். ஆனால் புதிய குறை ஒன்று அவர் கண்ணில் பட்டது. இளைஞர் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குச் சென்றனர். முதியோர் தனித்து விடப்பட்டனர். சமைத்துத் தருவாரின்றிப் பலர் வருந்தினர். அம்மையார் மாவட்ட ஆட்சியாளரை அணுகி, முதியோர்க்கு உணவளிக்கும் நிலையம் ஒன்று வேண்டுமென வற்புறுத்தினார். 1980ஆம் ஆண்டில் அந்நிலையம் தொடங்கியது. அப்போது அவர் வயது 80ஐக் கடந்திருந்தது. ஊதியம் பெறாமல், வாரத்தில் ஐந்து நாளும் உணவு சமைத்து அளித்தார். வர இயலாதோர் வீட்டுக்குத் தாமே கொண்டுசென்றார். அவ்வுணவைப் பெற்ற முதியோருள் பலர் அவரினும் வயதில் இளையோர்!

அக்காலத்தே நாட்டுத் தலைவர் ரொனால்டு ரீகனைக் காண வெள்ளை மாளிகைக்கு வருமாறு அவருக்கு அழைப்பு வந்தது. தமக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கின்றது என்று கூறி அதனை ஏற்க மறுத்துவிட்டார். இது செருக்கன்று. நண்பகலில் உணவுக்காகக் காத்திருக்கும் முதியோரைக் காக்க வைத்தல் தகாது என்னும் பொறுப்புணர்ச்சியே ஆகும். 1984ஆம் ஆண்டில் தன்னார்வத் தொண்டுக்கான அலெக்சிஸ் டி தோக்வில் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. ஒருகாலத்தில் அவர் இனத்தவர்க்குக் கதவடைத்திருந்த மாநிலத்திலேயே இச்சிறப்பு அவரைத் தேடி வந்தது. 1990ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் 91ஆம் வயதில், பைன்வில்லிலேயே அவர் மறைந்தார்.

மோட் கேலன் புதிய மருந்து எதனையும் கண்டுபிடித்தாரல்லர். கொதித்த நீர், தூய கை, வேளை தவறாத உணவு, அஞ்சியவருக்கு ஆறுதல் ஆகிய எளிய பொருள்களே அவருடைய படைக்கலங்கள். அவற்றை அவர் தம் பையிலேயே பூட்டி வைக்காமல் ஊரில் உள்ள மருத்துவச்சியர் அனைவர்க்கும் பகிர்ந்தளித்தார். அதனாலேயே அவர் பயன் ஒருவர் ஆற்றும் பணியின் அளவோடு நின்றுவிடவில்லை.

அன்பு மட்டும் இருந்தபோது பைன்வில்லில் குழந்தைகள் மாண்டன. நகரத்து மருத்துவமனைகளில் அறிவு இருந்தது. ஆனால் அது சேற்றுப் பாதையில் நடந்து ஏழையின் குடிலுக்கு வரவில்லை. அன்பு அறிவைத் தேடிச் சென்று கற்க வேண்டும். கற்ற அறிவு அன்பின் துணையோடு எளியோர் வாயிலுக்கு வர வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவர் எந்தச் சிற்றூரில் வாழ்ந்தாலும் அவ்வூர் அவரைத் தாயெனப் போற்றும்.